லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

"சார்ஜே நிக்க மாட்டேங்குது, பேட்டரிய மாத்திடுங்க" என்று முடிவோடுதான் பெரும்பாலானவர்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். மாற்றித் தருவது சர்வீஸ்காரருக்குச் சுலபம், காசும் வரும். ஆனால் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும். சார்ஜைத் தின்பது வேறு ஏதாவதாக இருக்கும். இன்னும் பல நேரம் பேட்டரி தேய்ந்திருக்கும், ஆனால் அந்த வயதுக்குத் தேய வேண்டிய அளவுதான் தேய்ந்திருக்கும்.

லித்தியம் அயான் பேட்டரியின் கொள்ளளவு முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டுதான் வரும். பயன்படுத்தினாலும் குறையும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் குறையும். மெதுவாக, ஒரே சீராகக் குறைந்தால் அது வயது. சட்டென்று சரிந்தாலோ, சதவீதம் தாவினாலோ, வீங்கினாலோ அது கோளாறு. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். அதற்கு முன் இரண்டு சோதனைகள் எல்லோருக்கும் பொது.

## முதல் சோதனை: வீங்கியிருக்கிறதா?

லேப்டாப்பை அணைத்து, மூடி, சமதளமான மேசையில் வையுங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அல்லது கிளிக் ஆகாமல் இறுகிப்போயிருக்கிறதா? கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறதா? அடிமூடியின் ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா?

ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மற்ற சோதனைகள் எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள். வீக்கம் உள்ளே வாயு சேர்ந்ததால் வருவது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் வீடியோக்கள் உலவுகின்றன. அதைச் செய்தால் தீப்பிடிக்கும். துணி, பேப்பர், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாமல் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். புகையோ, நெயில் பாலிஷ் மாதிரியான இனிப்பு வாடையோ வந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101.

இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் "கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது. பேக்கப் நன்றாக வருகிறதே என்பதும் காரணமாகாது. வீங்கிய பேட்டரி மூன்று மணி நேரம் பேக்கப் கொடுப்பதுண்டு.

## இரண்டாவது சோதனை: இரண்டு எண்களை எடுங்கள்

டாஸ்க்பாரில் தெரியும் 100% என்பது பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்வதில்லை. இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ அதில் முழுசாக நிரம்பிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. வேண்டியவை இரண்டு எண்கள்: புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டியது, இப்போது கொள்வது.

விண்டோஸில்: தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அங்கே ஆங்கிலத்தில் "பவர்" என்று அடித்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி சேர்த்து, பிறகு ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டி "பேட்டரிரிப்போர்ட்" என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ரிப்போர்ட்டை எந்த ஃபோல்டரில் போட்டது என்று அதுவே சொல்லும். அந்த ஃபைலை ப்ரௌசரில் திறந்தால் மேலேயே டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, சைக்கிள் கவுண்ட் மூன்றும் இருக்கும்.

மேக்கில்: சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொடுங்கள். சைக்கிள் கவுண்ட் வேண்டுமென்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன், அதில் பவர்.

உபுண்டு போன்ற லினக்ஸில்: பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற ஆப்பில் இரண்டு எண்ணும் வரும்.

கணக்கு எளிது. டிசைன் கெபாசிட்டி 42,000 மில்லிவாட் ஹவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 35,700 என்றால் மிச்சம் 85 சதவீதம். புது லேப்டாப்பிலேயே இந்த எண் 100-ஐத் தாண்டியோ 97 என்றோ காட்டலாம். அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

சைக்கிள் என்பது எத்தனை முறை சார்ஜரைச் செருகினீர்கள் என்ற கணக்கு இல்லை. இன்று 50 சதவீதம் செலவழித்து ஏற்றி, நாளை இன்னொரு 50 செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிளில் 80 சதவீதத்துக்கு வரும் என்று வைத்தே செய்யப்படுகின்றன. இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1,000 சைக்கிள். சில விண்டோஸ் லேப்டாப்களில் சைக்கிள் கவுண்ட் இடத்தில் வெறும் கோடு மட்டும் இருக்கும்; அது கோளாறில்லை, அந்த மாடல் எண்ணைத் தருவதில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு இருந்தால் இயல்பு? பெஞ்சில் பார்த்துப் பார்த்து நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு வருடத்தில் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்ல பேட்டரி. இரண்டு வருடத்தில் 80 முதல் 90. மூன்று நான்கு வருடத்தில் 65 முதல் 80. முதல் சில மாதங்களில் நாலைந்து சதவீதம் வேகமாக இறங்கிவிட்டு, பிறகு நிதானப்பட்டு, 70-க்குக் கீழே போனதும் மறுபடி வேகம் பிடிப்பது சகஜம். வாங்கி மூன்றே மாதத்தில் 95 ஆகிவிட்டது என்று பதறுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே ரிப்போர்ட்டின் கீழே பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி என்ற பகுதி இருக்கிறது. ஒற்றை எண்ணை விட அதுதான் அதிகம் பேசும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் வயது. ஒரே வாரத்தில் 38,000-லிருந்து 27,000-க்கு விழுந்திருந்தால் சார்ஜ் எவ்வளவு என்று கணக்கிடும் அளவுமானி தப்பாகக் காட்டுகிறது, அல்லது பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று போய்விட்டது.

## அறிகுறி: முன்பு நாலு மணி நேரம் வந்தது, இப்போது இரண்டுதான்

### மிச்சம் 80 சதவீதத்துக்கு மேல் என்றால்

பேட்டரியைத் தொடாதீர்கள். சார்ஜ் வேறெங்கோ போகிறது. 42 வாட் ஹவர் (42,000 மில்லிவாட் ஹவர்) பேட்டரியில் லேப்டாப் 7 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம், 14 வாட் இழுத்தால் மூன்று. பேக்கப் பாதியாக பேட்டரி பாதியாக வேண்டியதில்லை, இழுப்பு இரட்டிப்பானால் போதும்.

எவ்வளவு இழுக்கிறது என்பதும் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. பேட்டரி யூசேஜ் பகுதியில் எத்தனை நேரம் ஓடியது, எத்தனை மில்லிவாட் ஹவர் செலவானது என்று வரிவரியாகக் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் 12,000 போயிருந்தால் 12 வாட் இழுப்பு. சாதாரண அலுவலக லேப்டாப்பில் டைப் அடிப்பதற்கும் மெயில் பார்ப்பதற்கும் 5 முதல் 10 வாட்டுக்குள் ஓட வேண்டும். அதற்கு மேல் போனால் இந்த வரிசையில் பாருங்கள்:

முதலில் திரை வெளிச்சம். முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு பேக்கப் இல்லை என்பவர்கள்தான் அதிகம். பாதிக்கு இறக்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து டாஸ்க் மேனேஜர். ப்ராசஸஸ் பக்கத்தில் பவர் யூசேஜ் என்ற நெடுவரிசையைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் ப்ரௌசர், அதிலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸ் சண்டை போட்டுக்கொண்டிருப்பதும் உண்டு, ஒன்றைத் தூக்குங்கள். விண்டோஸ் அப்டேட் முடிந்த முதல் இரண்டு நாள் பின்னணி வேலைகள் ஓடும். அந்த நாட்களின் பேக்கப்பை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

மூன்றாவது, தனி கிராஃபிக்ஸ் கார்டு. கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு சாதாரண ஆப் அந்தக் கார்டை எழுப்பி வைத்திருந்தால் சும்மா இருக்கும்போதே இழுப்பு பல வாட் ஏறும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த ஆப்பை பவர் சேவிங் பக்கம் மாற்றலாம்.

கடைசியாக, ஃபேன். எதுவும் செய்யாமலே ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, அல்லது ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. திறந்து பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் சர்வீஸுக்குக் கொடுக்கலாம். பேட்டரி மாற்றுவதில் ஒரு சிறு பங்குதான் செலவாகும்.

### 60 முதல் 80 என்றால்

வயதுதான். மூன்று வருட லேப்டாப்பில் இது எதிர்பார்க்க வேண்டியது. மேலே சொன்ன சிக்கனங்களைச் செய்தால் இன்னும் ஒரு வருடமாவது ஓட்டிவிடலாம். சார்ஜ் உச்சவரம்பை 80-க்கு வைப்பதும் உதவும். எப்படி என்று கீழே வருகிறது. போனது திரும்ப வராது, போகும் வேகம் குறையும்.

### 60-க்குக் கீழே என்றால்

வெளியே எடுத்துச் செல்பவர் என்றால் மாற்றுங்கள். மேசையிலேயே வைத்து ஓட்டுபவர், கரண்ட் போனால் ஃபைலை சேவ் செய்யும் அளவுக்கு நின்றால் போதும் என்பவர், மாற்றவே வேண்டாம். வாரண்டியை நம்பியும் போக வேண்டாம். பேட்டரியைத் தேயும் பொருளாகவே கம்பெனிகள் கருதுகின்றன. லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான், அதுவும் கோளாறுக்குத்தான், தேய்மானத்துக்கு இல்லை. வாங்கிய முதல் வருடத்துக்குள்ளேயே 60-க்குக் கீழே போனால் மட்டும் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அது தேய்மானம் இல்லை என்று வாதாட அந்த ஹிஸ்டரி அட்டவணை கைகொடுக்கும்.

## அறிகுறி: வயது குறைவு, தேய்மானம் அதிகம்

இரண்டு வருடம்கூட ஆகவில்லை, சைக்கிள் கவுண்ட் 90, மிச்சம் 68 சதவீதம். "நான் பேட்டரியில ஓட்டவே இல்லையே, எப்பவும் சார்ஜர்லதானே இருக்கு" என்பார்கள். காரணமே அதுதான்.

சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சும்மா இருந்தே தேயும். பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு ஒன்று: 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும், அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் சுமார் 80. இதையே 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் முறையே 85, 65. மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில், சார்ஜர் செருகியபடி, 100 சதவீதத்தில் நிற்கும் லேப்டாப் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அறையே 38 டிகிரி என்றால் லேப்டாப்பின் வயிற்றுக்குள் அதை விட அதிகம்.

உச்சவரம்பு வையுங்கள். இது காசில்லாத வைத்தியம், முதலில் செய்ய வேண்டியது. லெனோவோவில் வான்டேஜ் ஆப்பில் கன்சர்வேஷன் மோட், திங்க்பேட் என்றால் சார்ஜ் த்ரெஷோல்ட். ஆசஸில் மைஆசஸ் ஆப்பில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், அதில் 60, 80 என்று தேர்வு இருக்கும். டெல்லில் "ப்ரைமரிலி ஏசி யூஸ்" என்ற தேர்வு பயாஸிலேயே (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) கிடைக்கும். ஹெச்பியின் அலுவலக மாடல்களில் பயாஸில் பேட்டரி ஹெல்த் மேனேஜர். மேக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்கை ஆனில் விடுங்கள். பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளலாம்.

வைக்கும் இடத்தை மாற்றுங்கள். மெத்தை, தலையணை, மடியில் போட்ட போர்வை எல்லாம் அடியில் காற்று போகும் துளைகளை அடைத்துவிடும். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவது. ஏற்றுவதாலும் சூடு, ப்ராசஸராலும் சூடு. கேமிங் லேப்டாப்கள் இதனால்தான் சீக்கிரம் தேய்கின்றன. தவிர்க்க முடியாது என்றால் 60 அல்லது 80 உச்சவரம்பு கட்டாயம்.

இவை எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் எண் மோசமாக இருக்கிறது என்றால் எண்ணையே சந்தேகப்படுங்கள். அடுத்த தலைப்பில் உள்ள அளவுச் சீரமைப்பைச் செய்துவிட்டு மறுபடி ரிப்போர்ட் எடுங்கள். 68 காட்டியது சீரமைத்த பின் 79 ஆகி நின்ற லேப்டாப்கள் உண்டு. பேட்டரி குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பு காட்டியது தப்பு.

## அறிகுறி: 30 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது

இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, அளவுமானி தடுமாறுகிறது. மற்றது, செல் பலவீனமாகிவிட்டது. முதலாவதற்குச் செலவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள்.

அளவுச் சீரமைப்பு: உச்சவரம்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 100 வரை ஏற்றி, அதற்கு மேலும் ஒரு இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, ஸ்லீப் ஆகாதபடி பவர் செட்டிங்கை மாற்றி, லேசான வேலையில் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். சேவ் செய்யாத ஃபைல் எதுவும் திறந்திருக்கக் கூடாது. அணைந்ததும் சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள்.

இதை எப்போதாவது, சதவீதம் தாவும்போது மட்டும் செய்தால் போதும். மாதம் தவறாமல் முழுசாகக் காலி செய்ய வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம்; லித்தியத்துக்கு அது கெடுதல்.

சீரமைத்த பிறகு 5 சதவீதம் வரை ஒழுங்காக இறங்கினால்: முடிந்தது. பேக்கப் குறைவாக இருந்தாலும் இனி அது வயதுக் கணக்கு.

சீரமைத்தும் பாதியில் அணைந்தால்: சுமை கொடுத்துச் சோதியுங்கள். 40 சதவீதத்தில், வெளிச்சம் குறைத்து, ஒரு நோட்பேட் மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். நிற்கிறதா? இப்போது ஒரு வீடியோ கால் போடுங்கள், கூடவே ப்ரௌசரில் பத்து டேப் திறந்து வையுங்கள். உடனே அணைந்தால் செல் சுமை தாங்கவில்லை. மின்னழுத்தம் ஒரு கணம் கீழே போனதும் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மென்பொருளால் இதைச் சரிசெய்ய முடியாது. பேட்டரி மாற்ற வேண்டும். மிச்சம் 75 சதவீதம் என்று ரிப்போர்ட் சொன்னாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் காலையில் மட்டும் இப்படி அணைந்து, மதியம் சரியாக இருந்தால் குளிர்தான் காரணம். அறைச் சூட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும்.

லேசான வேலையிலும் அணைந்தால், அதுவும் சார்ஜர் செருகியிருக்கும்போதும் அணைந்தால்: பேட்டரியை விடுங்கள், மதர்போர்டு அல்லது அதிகச் சூடு. இது சர்வீஸ் பெஞ்சில் பார்க்க வேண்டியது.

## அறிகுறி: 80-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

மேலே சொன்ன சார்ஜ் உச்சவரம்பை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். 60-ல் நின்றாலும் அதேதான். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்கள் பயாஸிலேயே போட்டிருப்பார்கள். இதற்காக பேட்டரி மாற்றச் சொல்லும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

## அறிகுறி: சார்ஜர் செருகியிருக்கிறது, "நாட் சார்ஜிங்" என்கிறது

சுவரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் ப்ளக்கில் செருகுங்கள். அடாப்டரில் சிறு விளக்கு இருந்தால், லேப்டாப்பில் செருகியதும் அது அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் ஷார்ட், சார்ஜரையோ ஜாக்கையோ சந்தேகப்படலாம்.

சார்ஜரின் வாட் சரியா? 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் போட்டால் ஓடும், ஆனால் வேலை செய்யும்போது ஏறாது. டைப் சி லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகிவிட்டுக் குழம்புபவர்கள் நிறைய. சார்ஜரின் அடியில் அவுட்புட் என்று அச்சிட்ட வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். டைப் சி கேபிளும் முக்கியம். வேறு நல்ல கேபிள் போட்டுப் பாருங்கள்.

டெல், ஹெச்பி உருளைப் பின் சார்ஜர்களில் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. ஆன் ஆகும்போது அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு செய்தியும் வரலாம். அதே மாடல் சார்ஜர் ஒன்றைக் கடன் வாங்கிச் சோதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரீசெட்: அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி செருகி ஆன் செய்யுங்கள். கேட்க மந்திரம் மாதிரி இருந்தாலும் அடிக்கடி வேலை செய்கிறது.

டிரைவர்: டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் கீழே, பெயரில் ஏசிபிஐ என்று வரும் பேட்டரி வரியை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து, அணைத்து ஆன் செய்யுங்கள். தானே திரும்ப வந்துவிடும்.

ஜாக் ஆடுகிறதா? வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுகிறது என்றால் டிசி ஜாக் தளர்ந்திருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டாதீர்கள். தீப்பொறி விட்டு போர்டையும் சேர்த்துக் கெடுக்கும். சில மாடல்களில் ஜாக் தனி வயரோடு வரும், மாற்றுவது மலிவு. போர்டில் சால்டர் செய்ததென்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

இத்தனையும் சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால் இரண்டே பாக்கி: பேட்டரி அல்லது சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும், போர்டில் உள்ள சார்ஜிங் ஐசி என்ற சில்லு. நம்பகமான சர்வீஸ்காரர் முதலில் வேறொரு பேட்டரியைப் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் ஐசியைப் பற்றிப் பேசுவார். சோதிக்காமலே "போர்டு போச்சு" என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். லேப்டாப்பில் காபியோ தண்ணீரோ கொட்டிய பிறகு ஆரம்பித்த பிரச்சினை என்றால் மேலே சொன்ன எதையும் முயலாமல் நேராகப் பெஞ்சுக்கே போகட்டும்.

## அறிகுறி: ராத்திரி மூடி வைத்தேன், காலையில் காலி

பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாமல் பேட்டரி மீது பழி விழுவது இதில்தான். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது போனைப் போன்ற அரைத் தூக்கம். வைஃபை, மெயில் எல்லாம் உள்ளே அவ்வப்போது விழித்துக்கொள்ளும். ஒரு இரவில் ஐந்து, பத்து சதவீதம் போனால் சகித்துக்கொள்ளலாம். முப்பது போனாலோ, பையிலிருந்து எடுக்கும்போது லேப்டாப் சுட்டாலோ ஏதோ ஒன்று அதைத் தூங்க விடவில்லை.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுங்கள். அதில் சார்ஜ் செலவு இல்லை என்றே சொல்லலாம். எழ மட்டும் சில வினாடி கூடுதலாகும். அடுத்து, வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு இரவு பாருங்கள்.

முழுசாக ஷட் டவுன் செய்தும் சார்ஜ் இறங்கினால் கதை வேறு. அணைந்த நிலையிலும் யுஎஸ்பி வழியாகப் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் வசதி பயாஸில் ஆனில் இருக்கலாம், அணையுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் பேட்டரி உள்ளேயே கசிகிறது அல்லது போர்டில் கசிவு. சர்வீஸ்.

## அறிகுறி: அலமாரியில் பல மாதம் கிடந்தது, இப்போது உயிரே இல்லை

ஒரிஜினல் சார்ஜரில் செருகி சில மணி நேரம் விடுங்கள். பல பேட்டரிகள் மிக மெதுவாக ஏறி எழுந்துவிடும். எழவில்லை என்றால் செல்களின் மின்னழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குக் கீழே போய், பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து "எழுப்பித் தருகிறோம்" என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டு காரணத்தோடுதான் விழுந்திருக்கிறது.

நீண்ட நாள் எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜோடு, அணைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

## புது பேட்டரி போட்டும் அதே கதை

சென்னை ரிச்சி தெருவில் தேடினால் ஒரே மாடலுக்கு நாலு விலையில் பேட்டரி கிடைக்கும். எல்லாவற்றின் மேலும் "ஒரிஜினல்" என்று எழுதியிருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பழைய பேட்டரியின் மேல் உள்ள பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். 10.8-ம் 11.1-ம் ஒரே வகைதான், பயப்பட வேண்டாம், 11.1 இருந்த இடத்தில் 14.8 கூடாது. தயாரித்த தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள். இரண்டு வருடம் குடோனில் கிடந்த "புது" பேட்டரி ஏற்கெனவே இரண்டு வருடம் தேய்ந்தது. பழையதை விட எடை குறிப்பிடும்படி குறைவு, ஆனால் லேபிளில் கொள்ளளவு அதிகம் என்றால் லேபிளை நம்பாதீர்கள்.

போட்டதும் ரிப்போர்ட் எடுங்கள். சைக்கிள் கவுண்ட் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் போலிகளில் டிசைன் கெபாசிட்டி எண்ணையே பொய்யாக எழுதி வைத்திருப்பார்கள், அதனால் ஓட்டியும் பார்க்க வேண்டும். 100 ஏற்றி, பாதி வெளிச்சத்தில், வைஃபை அணைத்து, சேமித்து வைத்த வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, அணையும் வரை நேரம் பாருங்கள். 42 வாட் ஹவர் என்று எழுதிய பேட்டரி, 8 வாட் இழுப்பில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டரை மணியில் போனால் உள்ளே பாதிதான் இருக்கிறது. இந்தச் சோதனையைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பழைய பேட்டரிக்குள் செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பதை லேப்டாப்புக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. காப்புச் சுற்று பழைய எண்களையே நினைவில் வைத்திருக்கும், சில மாடல்களில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். நாலு ஸ்க்ரூ கழற்றி மாற்றும் வகை என்றால் நீங்களே மாற்றலாம். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், இரும்பு நெம்பியை உள்ளே விடாதீர்கள். மேக்புக்குகள் மாதிரி பசை போட்டு ஒட்டியதென்றால் வேண்டாம். இழுக்கும்போது செல் மடங்கினால் ஆபத்து.

கழற்றிய பழைய பேட்டரியின் கனெக்டர் மேல் டேப் ஒட்டி, பேட்டரி விற்ற கடையிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும்போது வண்டியே தீப்பிடிக்கலாம்.